அவள் சாப்பிடாத சாயங்காலம்

ஒரு பையன் தன் காதலியிடம் "என்னைக் கட்டிக்கிறியா" என்று கேட்டான். எனக்கு வயிறு எரிந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததுகூட இல்லை. அவள் மேல் எனக்கு ஒரு நினைப்பும் கிடையாது. எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமென்றால், என் மனைவி சாப்பிடுகிற நேரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாங்கள் சமணர்கள். நான் திண்டிவனம், அவள் மேல்சித்தாமூர் பக்கத்தில் ஒரு கிராமம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என்னைப் போல நிறையப் பேர் அதை விட்டாயிற்று. நான் போட்டோகிராபர். வெளிச்சத்தை வைத்துப் பிழைக்கிறவன் வெளிச்சம் இருக்கும்போது உட்கார்ந்து சாப்பிட முடியாது. பொழுது சாய்வதற்கு முன்னால் வருகிற அந்த மஞ்சள் வெயிலுக்காகத்தான் காலையிலிருந்து காத்திருப்போம். அந்த நேரத்தில் என் மனைவி வேனுக்குள் போய் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள்.

அவள் என்னோடுதான் வேலை செய்கிறாள். மணப்பெண்ணுக்குப் புடவை மடிப்பு சரிசெய்வது, முகத்தில் வெளிச்சம் விழ ரிப்ளெக்டர் பிடிப்பது, வெட்கப்படுகிற பெண்களைச் சிரிக்க வைப்பது எல்லாம் அவள்தான். எல்லாவற்றையும் வெயில் மஞ்சளாவதற்குள் முடித்துக் கொடுத்துவிடுவாள். அதற்கு மேல் கலெக்டரே வந்து நின்றாலும் அவள் கையில் அடையும் சட்னியும்தான் இருக்கும். கத்தியும் பார்த்திருக்கிறேன், கெஞ்சியும் பார்த்திருக்கிறேன். "நீங்க எடுங்க, நான் சாப்டுட்டு வர்றேன்" என்று நிதானமாகச் சொல்வாள்.

எங்கள் கல்யாணத்தன்றே இதைப் பார்த்துவிட்டேன். மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு ஏரிக்கரை. வரவேற்புக்கு முன்னால் அங்கே வெயில் மஞ்சளைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. என் சிநேகிதன் கேமராவோடு தயாராக நின்றான். நான் பட்டு வேட்டியோடு கரையில் நின்றேன். பெண் சாப்பிடப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. அந்தக் கரையில் நான் தனியாக நிற்கிற படம் ஒன்று ஆல்பத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஏதோ கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை என்றுதான் நினைப்பார்கள்.

இது இப்படி இருக்க, போன மாதம் ஒரு பையன் எங்கள் போட்டோக் கடைக்கு வந்தான். கண்டமங்கலத்துக்காரன், புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. அவன் அக்கா கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற பெண்ணோடு அவனுக்குப் பழக்கம்.

"அண்ணே, ஒரு புரபோசல் ஷூட்டு பண்ணணும். அவளுக்குத் தெரியக் கூடாது."

"வீட்ல பேசியாச்சா?"

"பேசியாச்சுண்ணே. எங்கம்மா போய்க் கேட்டாங்க. அவங்கப்பா சரின்னுட்டாரு."

"அப்புறம் இன்னாத்துக்குப்பா புரபோசலு? அதான் முடிஞ்சுபோச்சே."

"அவளை யாரும் கேக்கலையேண்ணே" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தி முடிந்த பிறகு இலை போடுகிறானே என்று நினைத்தேன். மூலையில் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு மணப்பெண்ணின் கன்னத்துப் பருக்களை அழித்துக்கொண்டிருந்த என் மனைவி மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அவங்க இன்னா சொல்வாங்கன்னு நெனைக்கிறீங்க தம்பி?"

"தெரியலக்கா. அதான் பயமா இருக்குது."

கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடம் அவள் இந்த மாதிரியெல்லாம் கேட்க மாட்டாள். ஆல்பம் மேட்டா, கிளாஸியா என்பதோடு சரி. அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் கன்னத்துப் பரு அப்படியே இருந்தது.

இடம் விழுப்புரத்தில் ஒரு பூங்கா. பெரிய பூங்கா என்று சொல்ல முடியாது. வேப்ப மரங்கள், சிமெண்ட் பெஞ்சுகள், சாயங்காலம் சுற்றிச் சுற்றி நடக்கிறவர்களுக்கு ஒரு பாதை, தண்ணீர் வராத ஒரு நீரூற்று. ஆனால் உள்ளே நுழைந்ததும் பஸ் சத்தம் அடங்கிவிடும். வாசலில் வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கிறவர் குரல்கூடத் தூரத்தில்தான் கேட்கும். பையனின் யோசனை இதுதான்: நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக முன்னாலேயே போய், நான் என் மனைவியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் எங்கள் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். பெண்ணுக்குச் சந்தேகம் வராது.

"அது நாங்க நடிக்கணுமா இன்னா? நாங்க புருஷன் பொண்டாட்டிதானே" என்றேன்.

"நடிக்கத்தான் வேணும்" என்றாள் என் மனைவி. "என்னை நீங்க எப்ப போட்டோ எடுத்தீங்க?"

அவள் சொன்னது சரிதான். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் படம் எடுத்திருக்கிறேன். அவள் ரிப்ளெக்டருக்குப் பின்னால்தான் எப்போதும் இருப்பாள். அன்று பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். மகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். பையில் டிபன் பாக்ஸ் இருந்தது, கேப்பை அடை. "எப்பவும் போல வெயில் மஞ்சளானதும் நான் சாப்பிட உக்காந்துடுவேன். அப்புறம் கத்தக் கூடாது" என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

பூங்காவில் அவளை நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு லென்ஸ் வழியாக அவளைப் பார்க்கிறேன். காதோரம் நரைத்திருந்தது. தினமும் பக்கத்தில் இருக்கிறவள்தான், நான் கவனித்ததில்லை. அழகாகத்தான் இருந்தாள். அதைச் சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் லெப்ட்ல நகரு" என்றேன். "சிரி" என்றேன். "சிரிச்சுகினுதானே இருக்கேன்" என்றாள்.

பையனும் பெண்ணும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெண் லேபிலிருந்து நேராக வந்திருந்தாள் போல, தோளில் பெரிய பை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி அவர்களுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அவர்கள். கணக்கு சரியாக இருந்தது. பையன் மண்டி போட்டதும் போகஸை அவர்கள் மேல் மாற்ற வேண்டியதுதான் என் வேலை.

அவன் எழுந்தான், சட்டைப் பையைத் தடவினான், சட்டென்று மண்டி போட்டான். அப்போதுதான் செடிக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். பேண்ட் முட்டி சேற்றில் அழுந்தியது. பெண் பதறிப்போனாள். அதைவிட, பாதையில் நடந்துகொண்டிருந்த கேன்வாஸ் ஷூ பெரியவர் ஒருவர் அதிகமாகப் பதறினார். ஓடி வந்து பையன் தோளைப் பிடித்தார்.

"இன்னாப்பா, தலை சுத்துதா? சுகர் இறங்கிடுச்சா? எங்கிட்ட பிஸ்கட் இருக்குது, எடுக்கட்டுமா?"

"இல்லீங்கய்யா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான் பையன், மண்டி போட்டபடியே.

"நல்லா இருக்கிறவன் இப்படியா உக்காருவான்? மூஞ்சி வேர்த்துப் போச்சு பாரு."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல கூத்து என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் என் மனைவி மரத்தடியிலிருந்து விறுவிறுவென்று வந்தாள். பெரியவரின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "ஐயா, அவரு அவங்ககிட்ட ஒண்ணு கேக்கப் போறாரு. கேக்கட்டும், நாம இப்படி வந்துடலாம்" என்று தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். பெரியவருக்கு அப்போதுதான் பையன் கையிலிருந்த மோதிரம் கண்ணில் பட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். என் மனைவி மறுபடியும் மரத்தடிக்குப் போய் நின்றாள். இத்தனை வேகமாக நடந்து என் வேலை எதையும் அவள் காப்பாற்றியது எனக்கு ஞாபகம் இல்லை.

பையன் பேச ஆரம்பித்தான். ஏதோ சினிமா வசனம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவன் சொன்னது இதுதான்.

"எங்கம்மா வந்து கேட்டாங்க, உங்கப்பா சரின்னாரு. அதெல்லாம் விடு. நான் இப்பதான் கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறியா? வேணாம்னா வேணாம்னு சொல்லு. எதுக்கு வேணாம்னு கேக்க மாட்டேன். எங்க வீட்ல நான் பேசிக்கிறேன், உன் மேல பேச்சு வராது. எப்பவும் போல உன்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுத்தான் போவேன்."

இப்படிக் கேட்கிற முட்டாள் உண்டா என்று தோன்றியது. துணிக்கடைக்காரன் யாராவது "பிடிக்கலைன்னா வாங்காதீங்க" என்று சொல்லி வியாபாரம் செய்வானா? அப்போதுதான் லென்ஸ் வழியாக என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

பரீட்சை ரிசல்ட் வாசிப்பதைக் கேட்கிற பிள்ளை போல நின்றாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. அவள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. மண்டி போட்டிருந்த அவனைத்தான் பார்த்தாள். எங்கள் மகள் பிறந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். சொந்தமாகக் கடை திறந்த அன்று பார்த்திருக்கிறேன். இந்த முகம் எனக்குக் காட்டப்பட்டதே இல்லை. முட்டி முழுக்கச் சேறோடு இருக்கிற ஒரு பொடியனுக்கு அது சும்மா கிடைக்கிறது. அவனுக்கு அது தெரியவும் இல்லை.

வெயில் மஞ்சளாகி, சிவந்து, வேப்ப மரத்து உச்சிக்கு ஏறிவிட்டது. அவள் நகரவில்லை. என் விரல் தன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தது.

பெண் அவன் முட்டியைப் பார்த்தாள். பிறகு, "முதல்ல எழுந்திரு, பேண்ட் போச்சு" என்றாள். பிறகு, "சரி" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

நான் கேமராவில் படங்களைத் திருப்பிப் பார்த்தேன். தலையில் கை வைக்க வேண்டியதாகிவிட்டது. மண்டி போட்டதிலிருந்து மோதிரம் போட்டது வரைக்கும் எல்லாப் படத்திலும் அவர்கள் இரண்டு பேரும் கலங்கல். பின்னால், மரத்தடியில் என் மனைவி, கண்ணிமை மயிர் எண்ணுகிற அளவுக்குத் துல்லியம். போகஸை நான் மாற்றவே இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு மருந்து இருக்கிறது. மாலை மாற்றுவதையும் பொட்டு வைப்பதையும் "இன்னொரு தடவை" என்று சொல்லி வாங்காத போட்டோகிராபர் யார்? அவர்களிடம் போய் நாங்கள் யார் என்பதைச் சொன்னேன். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தம்பி, இன்னொரு தடவை அப்படியே முட்டி போடுங்க. வெளிச்சம் போயிட்டிருக்குது, ஜல்தி."

பையன் போடத் தயாராகிவிட்டான். பெண் தடுத்தாள்.

"வேணாங்கண்ணா. ஒரு தடவை கேட்டாச்சு, சொல்லியாச்சு. போதும்."

எனக்குக் கோபம் வந்தது. "விடுங்க, அவங்க சொல்றாங்க இல்ல" என்றாள் என் மனைவி. அதற்குப் பிறகு அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றதை, மோதிரக் கையை நீட்டிக்கொண்டு நின்றதை எல்லாம் நன்றாகவே எடுத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

பையன் பைக்கிலிருந்து ஒரு கேக் டப்பாவைக் கொண்டு வந்தான். முட்டை போடாத கேக் என்று விசாரித்து வாங்கியிருக்கிறான். ஒரு துண்டை என் மனைவியிடம் நீட்டினான்.

"பொழுது போயிடுச்சு தம்பி. நான் இனிமே சாப்பிட மாட்டேன். நீங்க சாப்பிடுங்க" என்றாள், சிரித்த முகமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிபன் பாக்ஸ் திறக்கவே இல்லை. என் கல்யாணத்துக்கு நிற்காதவள், நான் கத்திய போதெல்லாம் நிற்காதவள், அவனுக்காக நின்றிருக்கிறாள். நாளைக் காலை வரைக்கும் பட்டினி. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

வேனை எடுத்தேன். விக்கிரவாண்டி தாண்டும் வரை முன்னால் போன லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் தலைப் பூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என்னை அவள் முன்னால் நிறுத்தி, இவன் வேணுமா வேண்டாமா என்று யாராவது கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்?

"அவன் இன்னா பெரிசா சொல்லிட்டான்னு அப்படிப் பாத்துகினு நின்னே?" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

"வேணாம்னாலும் சொல்லலாம்னு சொன்னாரு இல்ல."

"அதுல இன்னா இருக்குது?"

"அப்படி ஒருத்தர் கேட்டு நான் பாத்ததில்ல."

"உன்னையும் கேட்டுட்டுத்தானே பண்ணாங்க."

"எங்கப்பாவைக் கேட்டாங்க" என்றாள். "நீங்க வந்தீங்க, கேசரி சாப்டீங்க, ஊருக்குப் போய் போன் பண்றோம்னு கிளம்பிட்டீங்க. போன் வந்துது. அப்பா சரின்னாரு. அம்மா வந்து எங்கிட்ட, உனக்கு முடிஞ்சிடுச்சுடின்னாங்க."

சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

"சரி, நானே அன்னிக்குக் கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே?"

அவள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"அன்னிக்குன்னா, வேணாம்னு சொல்லியிருப்பேன்."

பின்னால் வந்த ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனான். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"ஏன்?"

"பி.எட். படிச்சுகினு இருந்தேன். முடிக்கணும்னு இருந்துது. உங்களைப் பிடிக்காம இல்ல. உங்களைப் பாக்கவே இல்லையே, பிடிக்கறதுக்கு. தலையைக் குனிஞ்சுகினு உங்க காலைத்தான் பாத்தேன். சாக்ஸுல ஓட்டை."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நேரம் அந்தப் பையன் மேல் இருந்த எரிச்சல் இப்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் திணறியது. அவள் படிக்காத படிப்பின் மேல் பொறாமைப்படலாம். வேணாம் என்று சொல்லிவிட்டு வாத்தியாரம்மாவாக ஏதோ ஒரு ஊரில் இருந்திருக்கக் கூடிய ஒரு பெண், அவள் என்னைத் தெரியாமலே நன்றாக இருந்திருப்பாள் என்று நினைத்தபோது, அவள் மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

"இப்போ கேட்டா?" என்றேன்.

"கேளுங்க."

"கேட்டுட்டேனே."

"எங்கே கேட்டீங்க?"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, "என்னைக் கட்டிக்கிறியா" என்றேன். கல்யாணமாகி மகள் நாலாவது படிக்கிற நேரத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில், பெண்டாட்டியிடம் இதைக் கேட்பது போல பேஜாரான வேலை உலகத்தில் இல்லை. காது சுட்டது.

"வேணாம்னாலும் சொல்லலாமா?" என்றாள்.

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "சொல்லலாம்" என்பது சின்ன வார்த்தைதான். அந்தப் பையன் அதை எவ்வளவு சுலபமாகச் சொன்னான். எனக்கு அது வாய்க்கு வர நேரம் பிடித்தது. அதற்குள் எத்தனையோ வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்விட்டன.

"சொல்லலாம்."

"அப்போ யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

வண்டியை எடுத்தேன். தங்கை வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துக்கொண்டாள்.

இது நடந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றும் மாறவில்லை. கடைக்கு வருகிறாள், மடிப்பு சரிசெய்கிறாள், மஞ்சள் வெயிலில் சாப்பிடப் போகிறாள். மகளை அதட்டுகிறாள். என்னோடு சிரித்துத்தான் பேசுகிறாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்கிறது. "என்னங்க" என்று ஆரம்பித்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். கேஸ் புக் பண்ணச் சொல்வாள், அவ்வளவுதான். மறந்திருப்பாளோ என்று ஒரு நாள் நினைத்தேன். அன்று ராத்திரி மாவு கரைத்துக்கொண்டே, "நான் இன்னும் யோசிச்சுகினுதான் இருக்கேன்" என்று அவளாகவே சொன்னாள்.

நேற்று அந்தப் பையன் போன் பண்ணினான். படங்கள் எல்லாம் சூப்பர் என்றான். மண்டி போட்ட படம் இல்லாவிட்டால் என்ன, அவள் சிரிக்கிற படம் இருக்கிறதே என்றான். தை மாதம் கல்யாணம், நீங்களும் அக்காவும்தான் வரணும் என்றான். வர்றோம் என்று சொல்லி வைத்துவிட்டு, வெகுநேரம் அந்த போனையே முறைத்துக்கொண்டிருந்தேன். சேற்றில் மண்டி போட்ட அவனுக்கு, எழுந்திருப்பதற்குள் பதில் கிடைத்துவிட்டது.